நத்தையின் இதயம் சுரக்கிறது!

நத்தைக்கு இதயம் உண்டா? உண்டு. அது ஓயாமல் துடிக்கிறது. துடிப்பதோடு நிற்கவில்லை, இன்னொரு வேலையும் செய்கிறது. தனக்குள்ளே சில பொருள்களைச் சேர்த்து வைத்து, ஆபத்து வரும்போது அவற்றை இரத்தத்தில் கலந்து விடுகிறது!

இரண்டே அறை

மனிதனின் இதயத்தில் 4 அறைகள் உள்ளன. நத்தையின் இதயத்தில் 2 அறைகள்தான். நுரையீரலில் இருந்து வரும் இரத்தத்தை மேல் அறை வாங்கிக்கொள்கிறது. கீழ் அறை அதை உடம்பு முழுவதும் தள்ளுகிறது.

நத்தையின் இரத்தம் சிவப்பு அல்ல, இலேசான நீலம். நம் இரத்தத்தில் இரும்புச் சத்து இருப்பது போல, அதன் இரத்தத்தில் செம்புச் சத்து இருக்கிறது. காற்றுப் பட்டதும் நீலம் தெரியும்.

குட்டி நத்தையின் ஓடு மெல்லியது. அதன் வழியாகவே இதயம் துடிப்பதைப் பார்க்கலாம்.

மணி மணியாய்...

தோட்டங்களைப் பாழாக்கும் ஆப்பிரிக்க ராட்சத நத்தையைப் பலர் பார்த்திருப்பார்கள். அது கிழக்கு ஆப்பிரிக்காவில் பிறந்த இனம். 1847-ல் மொரீஷியஸ் தீவில் இருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பிறகு பல இடங்களுக்கும் பரவிவிட்டது.

இந்த நத்தையின் இதயத்தை ரஷ்ய நாட்டின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகர விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். மேல் அறையில் விசித்திரமான உயிரணுக்கள் இருந்தன. ஒவ்வொன்றின் உள்ளேயும் கடுகு மூட்டை போல மணி மணியாகத் துகள்கள்! அந்த உயிரணுக்களை ஒட்டி நரம்பின் முனைகளும் இருந்தன.

நரம்பு எதற்கு? செய்தி சொல்லத்தான். நத்தைக்கு அதிர்ச்சி ஏற்பட்டால் உயிரணுக்கள் துகள்களை வெளியே கொட்டுகின்றன. துகளில் உள்ள பொருள்கள் இரத்தத்தில் கலக்கின்றன. உடம்பின் மற்றப் புரதங்கள் சிதையாமல் காக்கும் ஒரு காவல் புரதமும் அவற்றில் ஒன்று என்று 2009-ல் அவர்கள் தெரிவித்தார்கள்.

மனித இதயத்திலும்!

இது நத்தையோடு முடிந்துவிடவில்லை. கினிப் பன்றியின் இதய மேல் அறையில் இத்தகைய துகள்கள் இருப்பதை 1956-ல் கிஷ் என்ற விஞ்ஞானி எழுதினார். மனித இதயத்திலும் துகள்கள் உண்டு. அவை எதற்காக என்பது மட்டும் நீண்ட காலம் புதிராகவே இருந்தது.

1981-ல் கனடா நாட்டில் டி போல்டு என்ற விஞ்ஞானி புதிரை விடுவித்தார். எலியின் இதய மேல் அறையை அரைத்துச் சாறு எடுத்தார். அதை வேறு எலிகளுக்கு ஊசி மூலம் செலுத்தினார். அந்த எலிகளின் சிறுநீர் சுமார் 10 மடங்கு பெருகியது! உப்பும் ஏராளமாக வெளியேறியது. இரத்த அழுத்தம் இறங்கியது.

இரத்தம் மிகுந்து இதயச் சுவர் விரியும்போது, "உப்பையும் நீரையும் வெளியேற்று" என்று இதயமே சிறுநீரகத்துக்குச் செய்தி அனுப்புகிறது. அந்தச் செய்திதான் துகள்களில் இருந்தது!

நத்தையின் துகளும் மனிதனின் துகளும் ஒன்றல்ல. உள்ளே இருக்கும் பொருள்கள் வேறு. ஆனால், 'இதயமும் ஒரு சுரப்பி' என்ற உண்மை இருவருக்கும் பொது.

டாக்டருக்கு உதவி

மூச்சுத் திணறலோடு ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். கோளாறு நுரையீரலிலா, இதயத்திலா? இதயம் சுரக்கும் இவ்வகைப் பொருளின் அளவை இரத்தத்தில் சோதித்துப் பார்க்கிறார்கள். இதயம் பலவீனமானால் அதன் அளவு கூடும். அளவு மிகக் குறைவாக இருந்தால், இதயம் செயலிழந்து திணறல் வந்திருக்க வாய்ப்புக் குறைவு. சில துளி இரத்தத்தில் டாக்டருக்குத் துப்புக் கிடைத்துவிடுகிறது!

காலில் மிதிபடும் நத்தைக்கும் கட்டிலில் படுத்திருக்கும் நோயாளிக்கும் இதயம் வெறும் பம்பு அல்ல. ஆபத்தை அறிந்து உடம்புக்குச் சொல்லும் தூதனும் அதுவே.