தூரம் போக ஆசையா? முதலில் மார்க்கெட்டுக்கு மிதியுங்கள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போனால், தலைக்கவசமும் மின்னும் சிவப்பு விளக்குமாகக் கூட்டம் கூட்டமாக சைக்கிள்கள் புதுச்சேரிப் பக்கம் போவதைப் பார்க்கலாம். சென்னையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். நெடுந்தூரப் பிரியர்களின் ‘ப்ரவே’ சவாரியில் ஆரம்பப் பாடமே 200 கிலோமீட்டர்தான். பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். பார்க்கிறவர்களுக்கும் ஆசை வரும், வரட்டும். ஆனால் வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரே நாளில் நூறு கிலோமீட்டர் மிதிக்கிறவருக்கு மிஞ்சுவது முட்டி வலியும் இடுப்புப் பிடிப்பும்தான்.

வாரத்துக்கு 150 நிமிடம்

பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அலுவலகம் போக 15 நிமிடம், வர 15 நிமிடம், ஐந்து நாள்: கணக்கு முடிந்தது, ஜிம் கட்டணம் மிச்சம். பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2017-இல் வெளியான கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வில், வேலைக்கு சைக்கிளில் போனவர்களிடம் இறப்பு அபாயம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. எல்லாம் சைக்கிளின் புண்ணியம் என்று சொல்லிவிட முடியாது. ஆரோக்கியமானவர்கள்தானே சைக்கிளை எடுக்கிறார்கள் என்று கேட்டால் அதிலும் நியாயம் உண்டு. இருந்தாலும் புறக்கணிக்கக்கூடிய எண் அல்ல.

லாபம் உடலுக்கு மட்டுமல்ல, காற்றுக்கும்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. இன்ஜின் சூடாவதற்குள் முடிந்துவிடும் தெருமுனைப் பயணங்களில்தான் பெட்ரோல் அதிகம் வீணாகிறது. பால், காய்கறி, மருந்துக் கடை எல்லாம் அந்தக் கணக்கில் வருபவை. இதற்கு லட்ச ரூபாய் சைக்கிள் வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்தில், புதுக்கோட்டைக் கிராமத்துப் பெண்கள் சாதாரண சைக்கிளில்தான் தண்ணீர்க் குடமும் விளைபொருளும் ஏற்றிப் போனார்கள்.

முட்டி ஏன் வலிக்கிறது?

பலருடைய சீட் தாழ்வாக இருக்கிறது. நிறுத்தினால் இரண்டு காலும் தரையில் படவேண்டும் என்று கடையிலேயே இறக்கி வாங்கிவிடுகிறோம். அப்படி மிதித்தால் முட்டி அளவுக்கு மீறி மடங்கி, முட்டிச்சில்லின் மேல் அழுத்தம் ஏறுகிறது. முட்டியின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். பின்பக்கம் வலித்தாலோ, மிதிக்கும்போது இடுப்பு இடமும் வலமும் ஆடினாலோ சீட் உயரம் அதிகம்.

சரிபார்ப்பது எளிது. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்தால் முட்டி லேசாக மடிந்து நிற்கும். அதுதான் உங்கள் உயரம். சிக்னலில் சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழகிக்கொள்ளுங்கள்.

கனமான கியரில் அழுத்தி மிதிப்பது வீரமல்ல, முட்டிக்குச் செய்யும் துரோகம். லேசான கியரில் நிமிடத்துக்கு 80 சுற்று வரை மிதிக்கப் பழகினால் மேம்பாலம்கூட மூச்சு வாங்காமல் ஏறலாம். தூரத்தையும் ஒரேயடியாகக் கூட்டாமல், வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

மரத்துப்போகும் விரல்கள்

சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போனால், ஹேண்டில்பாரில் ஊன்றிய உள்ளங்கையில் நரம்பு நசுங்குகிறது என்று பொருள். அடிக்கடி பிடியை மாற்றுங்கள், முழங்கையை விறைக்காமல் தளர்த்துங்கள். இன்னொன்று, யாரும் வெளியில் சொல்லாதது: பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை போடக் கூடாது. அதன் தையல் உராய்ந்துதான் தொடையிடுக்கில் புண் வருகிறது.

தண்ணீரும் உப்பும்

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அவ்வப்போது இரண்டு வாய் குடியுங்கள். அதற்காக வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரலாம். உப்புப் போட்ட மோர், எலுமிச்சை ஜூஸ், ஓஆர்எஸ் எல்லாமே நல்லவை. ஒரு மணி நேரத்துக்கு மேல் மிதித்தால் வாழைப்பழமோ கடலை மிட்டாயோ அவசியம். கடலை மிட்டாயை எவர்சில்வர் டப்பாவில் கொண்டுபோனால் நெகிழி உறையும் மிச்சம். பாட்டில் தண்ணீர் வாங்குவதைவிட, கையிலிருக்கும் பாட்டிலை டிபன் கடையில் சுத்திகரித்த குடிநீரால் நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஏப்ரல், மே வெயிலில் காலை ஒன்பதுக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள். உடல் கொதித்துப் பேச்சு குழறினால் அது வெப்பத்தாக்கு. தண்ணீர் ஊற்றி உடலைக் குளிர்வித்துக்கொண்டே 108-ஐ அழையுங்கள். கடும் சவாரிக்குப் பிறகு சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் தசைகள் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிப்பதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவர்கள்

இதய நோய் உள்ளவர்கள், மாடி ஏறினால் நெஞ்சு இறுகுகிறவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள் தூரப் பயணத்துக்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கு நடுவழியில் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். ரத்த அழுத்தக்காரர்கள் உப்பு பானத்தை இஷ்டத்துக்குக் குடிக்கக் கூடாது.

சைக்கிள் எலும்பை வலுப்படுத்தாது, உடல் எடையைச் சீட்டே தாங்கிக்கொள்வதால். எனவே நடையையும் படியேறுவதையும் விட்டுவிடாதீர்கள். புதுச்சேரி எங்கும் போய்விடாது. நாளைக் காலைப் பாலுக்கு சைக்கிளை எடுங்கள். அதற்கு முன் சீட்டின் உயரத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.