க்ளட்ச் பெடல் ‘பொசுக்’னு உள்ளே போகுதா? மலை ஏறும் முன் இதைக் கவனிங்க!

வார இறுதி. விடிவதற்குள் கோவையைத் தாண்டி ஊட்டிக்குப் போய்விட வேண்டும் என்பது திட்டம். ஆனால், காந்திபுரம் சிக்னலிலேயே ஏதோ வித்தியாசம் தெரிகிறது. வழக்கமாகக் காலை எதிர்த்து நிற்கும் க்ளட்ச் பெடல், பஞ்சை மிதித்ததுபோல உள்ளே போகிறது. கியரும் கொஞ்சம் அடம்பிடிக்கிறது. ‘ரெண்டு நாள்தானே, வந்து பாத்துக்கலாம்’ என்று கிளம்பலாமா? வேண்டாம்!

என்ன ஆபத்து?

மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். இறங்கும்போது வண்டியின் வேகத்தைப் பிடித்து வைப்பது பிரேக் மட்டுமல்ல, குறைந்த கியரும்தான். மலைப்பாதைகளில் ‘இரண்டாவது கியரில் செல்லவும்’ என்று போர்டு வைத்திருப்பது இதற்காகத்தான். க்ளட்ச் சரியாக விடுபடவில்லை என்றால் கியரைக் குறைக்க முடியாது. மொத்தச் சுமையும் பிரேக்கில் விழும். பிரேக் சூடேறினால் பிடிமானம் குறையும். 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள வால்பாறை சாலையானாலும், 27 வளைவுகள் உள்ள திம்பம் சாலையானாலும் இதே கதைதான்.

க்ளட்ச் பிளேட் போயிடுச்சா?

பலரும் முதலில் பயப்படுவது இதற்குத்தான். ஆனால், பிளேட் தேய்ந்தால் அறிகுறியே வேறு. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்தும், வண்டி அதற்கேற்ப வேகம் எடுக்காது. கருகிய வாடை வரலாம். பெடல் ‘சாஃப்ட்’ ஆவதற்குப் பெரும்பாலும் காரணம், பெடலில் இருந்து க்ளட்ச் வரை விசையைக் கொண்டுபோகும் பாதையில் இருக்கும்.

இன்று பல கார்களில் இது ஹைட்ராலிக் முறை. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். மறுமுனையில் ஸ்லேவ் சிலிண்டர் க்ளட்ச்சை விடுவிக்கும். ஆயிலை அமுக்கினால் அது சுருங்காது. ஆனால், நடுவில் காற்று புகுந்தால் அது சுருங்கிக்கொள்ளும். நம் கால் விசை அங்கேயே வீணாகிவிடும். சில சிறிய கார்களில் ஆயிலுக்குப் பதில் கேபிள் இருக்கும். அதில் கேபிள் நீண்டிருக்கலாம், இழை அறுந்திருக்கலாம்.

நீங்களே எப்படிக் கண்டுபிடிப்பது?

1. பெடலை நாலைந்து முறை வேகமாக மிதித்துப் பாருங்கள். கொஞ்சம் கெட்டியானால், லைனில் காற்று இருக்கலாம் அல்லது ஆயில் குறைந்திருக்கலாம்.

2. பானட்டைத் திறந்து ஆயில் அளவைப் பாருங்கள. பல கார்களில் பிரேக்குக்கும் க்ளட்ச்சுக்கும் ஒரே டப்பாதான். அளவு இறங்கியிருந்தால் பிரேக்கையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

3. பெடலுக்கு மேலே, கீழே மேட்டில் ஈரம் இருந்தால் மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது. கியர் பாக்ஸ் பக்கம் ஈரம் என்றால் ஸ்லேவ் சிலிண்டர் மீது சந்தேகம்.

4. வெளியே கசிவே இல்லையா? சமதளத்தில், ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கையும் மிதித்தபடி, க்ளட்ச்சை முழுதாக அழுத்தி முதல் கியரில் ஒரு நிமிடம் வைத்திருங்கள். வண்டி மெல்ல நகரப் பார்த்தால், மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் சீல் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஒர்க்‌ஷாப்பில் என்ன கேட்க வேண்டும்?

காற்றை வெளியேற்றும் ‘ப்ளீடிங்’ செய்தாலே பெடல் சரியாகிவிடும். ஆனால், சில நாட்களில் மறுபடியும் சாஃப்ட் ஆனால் கசிவு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். ‘ஏனுங்க, காத்து எந்த வழியாப் போச்சு?’ என்று கேட்டுவிடுங்கள். சில மாடல்களில் ஸ்லேவ் சிலிண்டர் கியர் பாக்ஸுக்கு உள்ளே இருக்கும். அதை மாற்ற கியர் பாக்ஸையே இறக்க வேண்டும். பிளேட்டும் தேய்ந்திருந்தால், அப்போதே மாற்றினால் கூலி ஒரு முறையோடு முடியும்.

ஆயில் விஷயத்தில் கவனம். டப்பா மூடியில் ‘டாட் 3’ அல்லது ‘டாட் 4’ என்று போட்டிருப்பதையே ஊற்ற வேண்டும். இன்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். இந்த ஆயில் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், கார் கையேட்டில் சொன்ன காலத்தில் மாற்றுவது நல்லது.

பாதி மலையில் பெடல் படுத்துவிட்டால்? நியூட்ரலில் உருட்டி இறங்கவே கூடாது. பிரேக் பிடித்து ஓரம் கட்டுங்கள். இன்ஜினை அணைத்து, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு உதவிக்கு அழையுங்கள். ஊட்டி எங்கேயும் போய்விடாது. அடுத்த வாரம் போய்க்கலாம்ங்க!