கத்தரி பிடிக்கும் கை

தில்லியில் மரத்தடிகளிலும் மதிலோரங்களிலும் முடிதிருத்துவோரைக் காணலாம். சுவரில் மாட்டிய கண்ணாடியும் ஒரு மர நாற்காலியுமே அவர்களது கடை. குளிரூட்டப்பட்ட அழகு நிலையங்களும் இந்நகரில் மிகுதி. இடம் எதுவாயினும் கைக்கு நேரும் துன்பம் ஒன்றே.

தேர்ந்த தொழிலாளர் கத்தரிக்கோலைப் பிடிக்கும்போது மோதிரவிரல் நுழைந்த அலகு அசையாது நிற்கும். கட்டைவிரலே மற்ற அலகைத் திறந்து மூடும். ஒரு தலைக்கே இவ்வசைவு நூற்றுக்கணக்கில் நிகழ்கிறது. விரல்களை மடக்கும் தசைகளுள் பெரும்பாலானவை முன்கையில் உள்ளன. ஒரு கையால் மற்றொரு முன்கையைப் பற்றிக்கொண்டு விரல்களை மடக்கிப் பாருங்கள். உள்ளே ஏதோ நகர்வது தெரியும். அங்கிருந்து வரும் ஒன்பது தசைநாண்கள், ஒரு நரம்புடன் சேர்ந்து, மணிக்கட்டின் குறுகிய வழியே விரல்களுக்குச் செல்கின்றன. மணிக்கட்டு வளைந்தபடியே ஒரே அசைவு ஓயாது தொடர்ந்தால் தசைநாண்களைச் சூழ்ந்த உறை வீங்கும். இடம் நெருக்கமாகி நரம்பு அழுந்தும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மரத்துப்போகும். இரவில் உறக்கம் கலையும். சுண்டுவிரல் தப்பிவிடும். அதன் நரம்பு வேறு வழியே செல்கிறது.

கட்டைவிரலின் பக்கமாக மணிக்கட்டில் தோன்றும் வேறொரு வலியை 1895ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் பிரிட்ஸ் டி குவெர்வேன் விளக்கினார். முடிவெட்டி முடித்ததும் தலையை அழுத்திப் பிடித்துவிடும் 'சம்பி' அந்த விரலுக்கு மேலும் ஒரு சுமை. 'ஷாம்பு' என்னும் சொல்லும் 'அழுத்து' எனப் பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்தே பிறந்தது.

மர நாற்காலி உயராது, தாழாது. ஆகவே தொழிலாளரே குனிகிறார்; நெடியவர் அமர்ந்தால் தோளை உயர்த்துகிறார். சிறுவர்களுக்காக நாற்காலியின் கைகளின்மேல் குறுக்கே ஒரு பலகை வைப்பார்கள். அமர்ந்த சிறுவன் அதைத் தனக்கான இருக்கை என்று எண்ணுவான். அது காப்பது அவரது முதுகை.

தலைக்கு இவ்வளவு என்று கூலி பெறுவோருக்கு ஓய்வு என்பது இழப்பு. செவ்வாய்க்கிழமை முடிவெட்டிக்கொள்ளாத வழக்கம் வடநாட்டில் பலருக்கு உண்டு. அன்று கைக்குக் கிடைக்கும் ஓய்வை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வட்டியுடன் வாங்கிவிடும்.

நோயாளியிடம் "என்ன தொழில் செய்கிறீர்?" என்று கேட்குமாறு மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியவர் இத்தாலியரான பெர்னார்தினோ ராமசீனி. தொழில்களால் வரும் நோய்களைப் பற்றிய அவரது நூல் 1700ஆம் ஆண்டில் வெளிவந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010ஆம் ஆண்டில் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் மேற்கூறிய இரு மணிக்கட்டு நோய்களும் இடம்பெற்றுள்ளன.

2023 செப்டம்பர் 17 அன்று தில்லி துவாரகாவில் தொடங்கப்பெற்ற பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களுள் முடிதிருத்தலும் ஒன்று. கருவிகளுக்காக ரூ.15,000 வரை கிடைக்கிறது. இது சிறிய உதவியன்று; மழுங்கிய கத்தரிக்கு விசை மிகுதியாக வேண்டும், கூரிய கத்தரிக்கோ குறைவே போதும்.

மரப்பு தொடங்கியவுடன் மருத்துவரிடம் சென்றால், இரவில் மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டையும் சில வார ஓய்வுமே பலருக்குப் போதுமானவை. வாடிக்கையாளர் வேறு கடை தேடிவிடுவரோ என்னும் அச்சத்தால் பலர் வலியை மறைக்கின்றனர். காலம் கடந்தால் கட்டைவிரலின் அடியிலுள்ள சதை மெலிந்துபோகும். பின்னர், பிடித்த கத்தரி தானே நழுவும்.