கழுத்தில் அடியா? ஜீப் ஏறும் முன் குரலைக் கவனியுங்கள்

சாந்தன்பாறை: ஏலக்காய்ப் பறிப்புக் காலம் வந்துவிட்டால், விடியுமுன்பே போடி, தேவாரம் பக்கமிருந்து ஜீப்புகள் போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைத் தோட்டங்களில் நம்மவர்களைக் கொண்டுவந்து இறக்குகின்றன. மாலையில் அதே ஜீப்பில் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ஊர் திரும்ப வேண்டும். பகலில் கழுத்திலோ தொண்டையிலோ அடிபட்டால், "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று பலர் இருந்துவிடுகிறார்கள். பாதி நாள் கூலி போய்விடுமே என்ற கவலை. ஆனால் தொண்டைக் காயம் கால் காயம் போன்றதல்ல. உள்வீக்கம் உடனே தெரியாமல், சில மணி நேரம் கழித்து மூச்சுப் பாதையை நெருக்கக்கூடும். அந்த நேரத்தில் ஜீப் மலைப்பாதையில் இருந்தால் என்ன செய்வது?

அடிபடும் வழிகள் பல. மரக் கவாத்தின்போது கிளை துள்ளி வந்து குரல்வளையில் அறையலாம். தலைச்சுமை மூட்டை சரியலாம். கழுத்தில் முடிந்த துண்டோ துப்பட்டாவோ இயந்திரத்திலும் மோட்டார் சைக்கிள் சக்கரத்திலும் சிக்கலாம். இந்தக் கடைசி வகையை லேசாக எண்ண வேண்டாம். புகழ்பெற்ற அமெரிக்க நடனக் கலைஞர் இசடோரா டங்கன், 1927 செப்டம்பர் 14 அன்று பிரான்சின் நீஸ் நகரில் காரில் செல்கையில், கழுத்தில் சுற்றியிருந்த நீண்ட துணி சக்கரத்தில் சிக்கித்தான் உயிரிழந்தார்.

அடிபட்டவரை முதலில் உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். குரல் கரகரப்பாக மாறியிருக்கிறதா? எச்சில் விழுங்க வலிக்கிறதா, வாயில் ஒழுகுகிறதா? மூச்சு இழுக்கையில் சத்தம் வருகிறதா? இருமினால் ரத்தம் வருகிறதா? கழுத்துத் தோலை மெல்லத் தொட்டால் உள்ளே நொறநொறவென்று காற்று இருப்பதுபோல் படுகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் மலை இறங்கக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அதே எண்தான். அவரைப் படுக்க வைக்காமல், சாய்ந்து உட்காரவிடுவது மூச்சுக்கு நல்லது. வீட்டுச் சண்டையில் கழுத்து நெரிக்கப்பட்டவர், வெளியே தடமே இல்லாவிட்டாலும், மருத்துவரிடம் போயே ஆக வேண்டும்.

பின்கழுத்து வலிக்கு வேறு கணக்கு. கனடா மருத்துவர்கள் 2001-ல் வெளியிட்ட விதிப்படி, 65 வயதானவர், மூன்றடி உயரத்திலிருந்தோ அதற்கு மேலிருந்தோ விழுந்தவர், உச்சந்தலையில் பளு விழுந்தவர், கை கால் மரத்துப்போனவர் ஆகியோருக்கு எக்ஸ்ரே தேவை. இவர்களை ஆம்புலன்ஸ் வரும்வரை அசைக்காமல், தலையை நேராகப் பிடித்துக்கொள்வது உத்தமம். இந்த அபாயங்கள் இல்லாமல், நல்ல நினைவோடு நடமாடுபவர், தானாகவே கழுத்தை இருபுறமும் 45 டிகிரி திருப்ப முடிந்தால் பெரும்பாலும் பயமில்லை. அவருடைய கழுத்தைப் பிறர் திருப்பிப் பார்க்கக் கூடாது.

நம்மிடையே ஒரு கெட்ட பழக்கம், அடிபட்டதும் சுளுக்கு வழிப்பவரைத் தேடிப் போவது. கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய்கள் உள்ளன. அடியில் அதன் உட்சுவர் கிழிந்திருந்தால், எண்ணெய் தடவி அழுத்துவதும் நெட்டி முறிப்பதும் வினையாகிவிடும். ஓரிரு நாள் கழித்துகூட வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் சோர்ந்தாலோ அடிபட்டதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மேற்சொன்ன எதுவும் இல்லாத சிறு காயத்துக்கு, துணியில் சுற்றிய ஐஸ் அல்லது ஈரத்துணியை 10, 15 நிமிடம் வைத்தால் போதும். கஞ்சி, இட்லி போன்ற மெல்லிய ஆகாரம் கொடுங்கள். பீடி கூடாது, அதிகப் பேச்சும் வேண்டாம். இரவில் தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். ஒரு நாள் முழுவதும் யாராவது அருகில் இருப்பது அவசியம். லயத்தில் தனி அறையில் இருப்பவரை அன்றிரவு பக்கத்து வீட்டார் அழைத்து வைத்துக்கொள்ளலாம். தோல் கிழிந்திருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவி, தடுப்பூசி பற்றி ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டும். காப்பித்தூள் அப்புவது வேண்டாம்.

மொழி தெரியாமல் விழிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: மூச்சுத்திணறலுக்கு மலையாளத்தில் "சுவாசம்முட்டல்", விழுங்க முடியவில்லை என்பதற்கு "இறக்கான் பற்றுன்னில்ல". அடிபட்ட நாள், நேரம், அப்போது செய்த வேலை மூன்றையும் ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். குமாஸ்தா புத்தி என்று சிரிக்கலாம். பின்னால் நஷ்டஈடு கேட்கும்போது கையில் இருப்பது அந்தச் சீட்டுத்தான்.