உங்களுக்குத் தெரியுமா? கலப்பில்லாத நிக்கல்

● வீட்டுப் பழைய டப்பாவில் 1947-ஆம் ஆண்டின் ஒரு ரூபாய் நாணயம் கிடக்கிறதா? பின்பக்கம் புலி இருக்குமே, அதுதான். ஒரு காந்தத்தை அருகில் கொண்டுபோங்கள், ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். போர்க்காலத்தில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்ததால் 1946-இல் கால் ரூபாயும் அரை ரூபாயும், மறு ஆண்டு முழு ரூபாயும் நிக்கலுக்கு மாறின. 1964-இல் நேருவின் உருவத்தோடு வந்த ரூபாயும் நிக்கல்தான். ஆனால் 1975-இல் வந்த ரூபாயைக் காந்தம் இழுக்காது. அதில் முக்கால் பங்கு செம்பு, கால் பங்குதான் நிக்கல்.

● சூடேறினால் நிக்கலின் காந்த குணம் மறைந்துவிடும். சுமார் 358 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. ஆறியதும் திரும்பி வரும். இரும்புக்கு அந்த எல்லை 770 டிகிரி.

● காந்தப்புலத்துக்குள் வைத்தால் நிக்கல் நீளத்தில் குறுகும்! ஒரு மீட்டர் தண்டு ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும். கண்ணுக்குத் தெரியாத இந்தச் சுருக்கத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை நிகழ்த்தினால் தண்டு அதிர்ந்து மீயொலி எழுப்பும். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேடிய சோனார் கருவிகளில் நிக்கல் தகடுகள் செய்த வேலை இதுதான்.

● தொழிற்சாலைகள் வாங்கும் 'தூய' நிக்கலில் குறைந்தது 99 சதவீதம் நிக்கல் இருக்க வேண்டும். மீதி இருக்கும் துளியில்தான் விஷயமே இருக்கிறது. சந்தையில் 200, 201 என்று இரண்டு ரகங்கள். முதலாவதில் 0.15 சதவீதம் வரை கார்பன் இருக்கலாம், இரண்டாவதில் 0.02-ஐத் தாண்டக் கூடாது. 315 டிகிரிக்கு மேல் நெடுநாள் வேலை செய்தால் 200-இல் உள்ள கார்பன் கிராபைட்டாகப் பிரிந்து, உலோக மணிகளின் ஓரங்களில் படியும். வெளியே பார்க்கப் பளபளப்பாகவே இருக்கும். வளைத்தால் ஒடியும்.

● அலுமினியத்தைக் கரைத்து, கண்ணாடியையும் அரிக்கும் காஸ்டிக் சோடாவுக்கு நிக்கல் அசைந்துகொடுக்காது. இந்த உலோகத்தின் ஆகப்பெரிய பெருமை இதுதான் என்பேன். சோப்பு, காகிதம், ரேயான் துணி எல்லாவற்றுக்கும் காஸ்டிக் வேண்டும். உப்புநீரில் மின்சாரம் செலுத்தி அதைத் தயாரிக்கும் சவ்வு முறை ஆலைகளில் எதிர்மின்முனை நிக்கலால் ஆனது. அங்கிருந்து சுமார் 32 சதவீதச் செறிவில் வரும் கரைசலை 50 சதவீதமாக்கும் ஆவியாக்கிகளிலும் நிக்கல். அதையும் வற்றவைத்துச் செதிலாக்க, உருகிய காஸ்டிக்கைத் தாங்கும் குழாய் வேண்டும். காஸ்டிக் உருகுவதே 318 டிகிரியில்! ஆகவே அங்கே 201 ரகம்தான் போட வேண்டும். கார்பன் அளவைப் பற்றி இவ்வளவு சொன்னது இதற்காகத்தான்.

● ஆய்வகத்தில் மாதிரியைக் காரத்தோடு சேர்த்து உருக்க வேண்டுமானால் விலையுயர்ந்த பிளாட்டினம் மூசையை எடுக்க மாட்டார்கள். உருகிய காரம் அதை அரித்துவிடும். நிக்கல் மூசை போதும்.

● நைட்ரிக் அமிலத்திடம் மட்டும் நிக்கலைக் கொண்டுபோகாதீர்கள். தாங்காது.

● நிக்கலை வெல்டிங் செய்பவருக்கு எண்ணெய்ப் பிசுக்கும், அடையாளம் போட்ட கிரேயான் கோடும் பகையாளிகள். இவற்றில் கந்தகம் இருக்கலாம். 1455 டிகிரி வரை உருகாத நிக்கல், கந்தகத்தோடு சேர்ந்தால் சுமார் 640 டிகிரியிலேயே இளகிவிடும். இளகிய கலவை மணிகளுக்கு நடுவே ஊடுருவ, பற்றவைத்த இடம் விரிசல் விடும். விரிசல் கண்டபின் துடைத்துப் பயனில்லை. கெட்ட பகுதியையே வெட்டி எடுக்க வேண்டும். அதனால்தான் தேர்ந்த வெல்டர் பற்றவைக்கும் நேரத்தைவிடச் சுத்தம் செய்ய அதிக நேரம் எடுத்துக்கொள்கிறார். அவரை அவசரப்படுத்தாதீர்கள்.

● திடமான நிக்கலை வாயுவாக்கி, மறுபடி திடமாக்கித் தூய்மைப்படுத்தலாம். லுட்விக் மாண்ட் என்ற வேதியியலாளர், தம் ஆலையில் நிக்கல் வால்வுகள் அரிபடுவதன் காரணத்தைத் தேடியபோது கார்பன் மோனாக்சைடுதான் அதைச் செய்கிறது என்று தெரிந்தது. 1890-இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. நிக்கலும் அந்த வாயுவும் 50, 60 டிகிரியில் கூடி நிக்கல் கார்பனைல் ஆகும். 43 டிகிரியிலேயே கொதித்துவிடும், கொடிய நஞ்சு. அதை 200 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் வாயு பிரிந்து, தூய நிக்கல் படியும். வேல்ஸ் நாட்டின் கிளைடாக்கில் 1902-இல் இதற்கென்றே ஆலை தொடங்கியது.

● மின் ஸ்கூட்டர் பேட்டரியின் செல்களை இணைக்கும் பட்டை பெரும்பாலும் தூய நிக்கல். துருப்பிடிக்காது, ஸ்பாட் வெல்டிங்கில் எளிதாகப் பிடிக்கும். இதே பெயரில் நிக்கல் முலாம் பூசிய இரும்புப் பட்டையும் விற்பனையாகிறது. அதன் மின்தடை அதிகம், மின்னோட்டம் கூடினால் சூடேறும். காந்தத்தால் கண்டுபிடிக்க முடியாது, இரண்டும் ஒட்டும். கிரைண்டரில் லேசாகத் தொட்டுப் பாருங்கள்: இரும்பு பொறி கக்கும், நிக்கலில் அநேகமாக ஒன்றும் வராது. கிரைண்டர் இல்லையென்றால், பட்டையின் மேல் ஆழமாகக் கீறி, இரவு முழுக்க உப்புநீரில் போட்டு வையுங்கள். காலையில் கீறலில் செந்துரு தெரிந்தால் அந்தப் பட்டையைப் பேட்டரியில் சேர்க்காதீர்கள்.