உங்களுக்குத் தெரியுமா? விந்தணுவும் வைட்டமின் மாத்திரையும்

ஆக்சிஜனேற்றத்தால் விந்தணுவின் டிஎன்ஏ சிதைகிறது, ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரை அதைத் தடுக்கும், கரு தங்கும் என்பது விற்பவர்கள் சொல்லும் கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2,370 தம்பதிகளை வைத்து அமெரிக்காவில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் ஃபோலிக் அமிலமும் துத்தநாகமும் விழுங்கிய ஆண்கள் தரப்பில் 34 சதவீதத்தினருக்குக் குழந்தை பிறந்தது; வெற்று மாத்திரை விழுங்கியவர்கள் தரப்பில் 35. போதாக்குறைக்கு, டிஎன்ஏ சிதைவு மருந்து சாப்பிட்டவர்களிடம்தான் சற்றுக் கூடுதல். வயிற்றுக் கோளாறும் அவர்களுக்கே அதிகம்.

அவர்களில் பலருக்கு விந்தணுவில் குறையே இல்லையே என்று கேட்கலாம். குறையுள்ள ஆண்களை மட்டும் சேர்த்த ‘மோக்சி’ என்ற சிறிய ஆய்விலும் வைட்டமின் சி, ஈ, செலினியம் கலந்த மாத்திரை பலன் காட்டவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் தொகுப்பு சாதகமாகச் சொல்கிறதே என்பார்கள். 2022இல் வந்த அந்தத் தொகுப்பே தன் சான்றின் உறுதி மிகக் குறைவு என்று ஒப்புக்கொள்கிறது. அதில் சேர்ந்த பெரும்பாலான ஆய்வுகள், பிறந்த குழந்தைகளைக் கணக்கிடவே இல்லை. தவிர, கருமுட்டைக்குள் புகத் தயாராவதற்கே விந்தணுவுக்குக் கொஞ்சம் ஆக்சிஜனேற்றம் வேண்டும். பெண்கள் கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம் எடுப்பது வேறு விஷயம்: சிசுவின் தண்டுவடக் குறைபாட்டைத் தடுப்பதில் அதற்கு வலுவான சான்று உண்டு.