மாணவர் விளையாட்டாக்கமும் செலவுத் திட்டமும்

கணினி விளையாட்டொன்றை முற்றிலும் புதிதாக ஆக்குதல் ஒன்று. முன்னரே வெளிவந்த விளையாட்டின் இயக்கப்பொறியைக் கொண்டு அதன் களத்தையும் உருவங்களையும் விதிகளையும் வேறாக்குதல் மற்றொன்று. பின்னையதே மாணவர்க்கு எளிதிற் கைகூடுவது. 'மொட்' என வழங்கும் இதனை மாற்றாக்கம் எனலாம்.

வால்வ் நிறுவனம் ஆக்கி 1998 இல் வெளிவந்த ஹாஃப் லைஃப் என்னும் விளையாட்டை மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்னும் இருவர் மாற்றியமைத்து, 1999 இல் கவுண்டர் ஸ்ட்ரைக் எனப் பரப்பினர். மின் லீ அக்காலத்திற் கனடாவிலே சைமன் பிரேசர் பல்கலைக்கழக மாணவர். அடுத்த ஆண்டிலேயே வால்வ் நிறுவனம் அதன் உரிமையை வாங்கிற்று. இயக்கப்பொறியை ஆக்கும் பெருஞ் செலவு அவ்விருவரையும் சாரவில்லை என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

செலவுத் திட்டம் வரைவோர் பெரும்பாலும் மென்பொருளின் விலையையே முதற்கண் எழுதுவர். இன்று அது மிகச் சிறு பகுதியாகும். முப்பரிமாண உருவம் வனைதற்குப் பிளெண்டரும், படம் தீட்டுதற்குக் கிம்ப், கிரிட்டா என்பனவும், ஒலி திருத்துதற்கு ஒடாசிட்டியும் விலையின்றிக் கிடைக்கின்றன. இவற்றுள் கிம்ப், பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் இருவர் தொடங்கிய வேலையே. பிளெண்டருக்கோ ஒருகால் விலை குறிக்கப்பட்டது. அதனை உடைய ஒல்லாந்து நிறுவனம் 2002 இல் மூடப்பட்டபோது, முதலிட்டோர் 100,000 யூரோ கேட்டனர். பொதுமக்கள் ஏழு கிழமைகளிலே அத்தொகையைச் சேர்த்துக் கொடுத்து விட்டனர்.

ஆதலின், விலை நிரலுக்கு அருகே அநுமதி நிரலொன்று இருத்தல் வேண்டும். மாணவர்க்கென இலவசமாக வழங்கப்படும் வணிக மென்பொருள்கள் பல, கற்கும் காலத்துக்கு மாத்திரம் உரியன. விற்பனைக்கான வேலைக்கு உதவா. அத்தகைய மென்பொருளில் வனைந்த உருவத்தைப் பட்டம் பெற்ற பின்னர்த் திறக்க வழியின்றிப் போதலும் உண்டு. பார்சிலோனாவிலே போம்பியு பாப்ரா பல்கலைக்கழகம் 2005 இல் தொடங்கிய ஃப்ரீசவுண்ட் என்னும் ஒலிக்களஞ்சியத்திலும் இவ்வேறுபாடு காணப்படும். சில ஒலிகள் எந்நோக்கத்துக்கும் உரியன. சில, ஆக்கியோன் பெயரைச் சுட்டினால் உரியன. சில, வணிகமல்லாதவற்றுக்கே உரியன. பிற்காலத்தில் மாற்றாக்கத்தை விற்க மூல நிறுவனம் இசையுமாயின், மூன்றாம் வகை ஒலிகளை நீக்க நேரும். எவ்வொலி எங்கிருந்து வந்ததென எழுதி வையாதவர் எதனை நீக்குவர்? வேறொரு விளையாட்டினின்றும் உருவங்களைப் பெயர்த்து ஒட்டுதல் இன்னும் கேடானது. உரிமையாளரின் கடிதம் ஒன்றே முழு வேலையையும் அகற்றப் போதும்.

உண்மையிற் பெருஞ் செலவு மாணவரின் காலமே. ஹாஃப் லைஃப் விளையாட்டைத் தன்னார்வலர் மீளவாக்கிய பிளாக் மீசா 2012 இல் இலவசமாக வெளிவந்தும், இறுதிப் பகுதியோடு முற்றுப்பெற்றது 2020 இலேதான். ஐந்து மாணவர் கிழமைக்கு ஆறு மணி வீதம் இருபது கிழமை உழைத்தால் 600 மணி. உருவமொன்றுக்கு 40 மணி எனக் கொள்ளின், வேறெதுவும் செய்யாமலே பதினைந்து உருவங்கள்தாம் ஆகும். முப்பது உருவங்களைப் பட்டியலிட்ட குழு, பாதியை அன்றே வெட்டிவிடுதல் நன்று. ஆண்டிறுதியில் வெட்டுதல் செய்த உழைப்பையும் சேர்த்து வெட்டுதலாகும்.

இனிக் கைப்பணம் வேண்டுவன சிலவே. மூல விளையாட்டின் படி ஒவ்வொருவர்க்கும் ஒன்று. கோப்புகளைக் காக்கும் புறவட்டுகள் இரண்டு. அவ்விரு வட்டுகளும் ஒரே அறையில் இருத்தலாகாது.